விளைநிலமும் விடுதலையும்

நுழையும்முன்

பசித்தவருக்கு ஒருவேளை உணவளிப்பது அறம். அவர் மறுநாளும் பிறர் வாயிலில் நிற்காதிருக்க வழிசெய்வது அதனினும் பெரிய அறம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், பருத்திக் காட்டில் உழைத்து வாழ்ந்த பெண் ஒருவர் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய முனைந்தார். உணவு, நிலம், வாக்குரிமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை அவரது முயற்சி உணர்த்துகிறது.

தீராத கடன்

மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் வண்டல் நிலம் மிசிசிப்பி டெல்டா எனப்படும். அம்மண்ணில் பருத்தி செழித்தது; பருத்தி பறித்தவர்களோ பசித்திருந்தனர். 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுள் பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆகவே, அவர்கள் பண்ணையார்களின் நிலத்தையே வாரத்துக்குப் பயிரிட்டனர். விதை, கருவி, உணவுப்பொருள் ஆகியவற்றைப் பண்ணையார் கடனாகத் தருவார். கணக்கேடும் அவர் கையிலேயே இருக்கும். அறுவடைக்குப்பின் கணக்குப் பார்க்கும்போது, குடும்பமே ஆண்டு முழுவதும் உழைத்திருந்தும் பெரும்பாலும் கடனே எஞ்சும். குடியிருக்கும் வீடும் பண்ணையாருடையதே. அவர் வெறுத்தால் வேலை, வீடு, உணவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் பறிபோகும்.

இச்சூழலில் 1917ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ஃபேனி லூ ஹேமர் பிறந்தார். பெற்றோரின் இருபது மக்களுள் அவரே கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கத் தொடங்கினார். அவருடைய தந்தை அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கோவேறு கழுதைகளும் பசுக்களும் வாங்கினார். சொந்த ஏர் கொண்டு உழுது தலைநிமிரலாம் என்பது அவர் எண்ணம். அதைப் பொறாத ஒருவர் கால்நடைகளின் தீவனத்தில் நஞ்சு கலந்தார். கால்நடைகள் மடிந்தன, குடும்பம் மீண்டும் வறுமையில் வீழ்ந்தது. ஏழை ஒருவர் உழைத்து முன்னேறுவதைக்கூடப் பொறுக்காத சமூக அமைப்பு அது என்பதை ஹேமர் இளமையிலேயே அறிந்துகொண்டார்.

வாக்கும் வயிறும்

ஹேமர் வாழ்ந்த சன்ஃபிளவர் மாவட்டத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையர். ஆயினும், அவர்களுள் மிகச் சிலரே வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பதினேழு பேருடன் பேருந்தில் சென்று தம் பெயரைப் பதிவுசெய்ய ஹேமர் முயன்றார். மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை எழுதி, அதற்கு விளக்கம் கூறுமாறு அதிகாரி பணித்தார். கறுப்பின மக்களைத் தடுத்து நிறுத்துவதற்காகவே பயன்படுத்தப்பட்ட தேர்வு அது. ஹேமர் தேர்ச்சி பெறவில்லை. எனினும், செய்தி அவருக்கு முன்பே பண்ணையை அடைந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுக, இல்லையேல் வெளியேறுக என்றார் பண்ணையார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார்.

அந்தக் குளிர்காலத்தில் அண்டை மாவட்டமான லெஃப்லோரிலும் ஒரு கொடுமை நிகழ்ந்தது. நடுவண் அரசு வழங்கிவந்த உபரி உணவுப்பொருள்களை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிப்பதை மாவட்ட நிருவாகம் நிறுத்தியது. ஏறத்தாழ 22,000 பேர் அவ்வுணவை நம்பியிருந்தனர். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்கத் தொடங்கியதற்குக் கிடைத்த தண்டனையாகவே மக்கள் அதைக் கண்டனர். மாணவர் இயக்கத்தினர் பிற மாநிலங்களில் உணவு திரட்டிச் சரக்குந்துகளில் கொண்டுவந்தனர். பசி இயற்கையாக நேரும் துன்பம் மட்டுமன்று; ஏவிவிடத்தக்க படைக்கலமும் ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

ஹேமர் தளரவில்லை. 1963இல் வினோனா நகரச் சிறையில் கொடுமையாகத் தாக்கப்பட்டார். 1964இல் சனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் அக்கொடுமைகளை எடுத்துரைத்தார். தொலைக்காட்சி வழியே நாடே அதைக் கேட்டது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் வந்தது, வேலை போனது

சட்டம் வாக்குச்சாவடியின் கதவைத் திறந்தது. ஆனால், அதே ஆண்டுகளில் டெல்டாவின் பண்ணைகளில் பருத்தி பறிக்கும் எந்திரங்களும் களைக்கொல்லிகளும் பெருகின. 1967இல் பண்ணைத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, கூலி உயர்த்திக் கொடுப்பதைவிட ஆள்களைக் குறைப்பதே பண்ணையார்களுக்கு எளிதாயிற்று. உபரி உணவு வழங்கும் திட்டத்தின் இடத்தில் உணவு வில்லைத் திட்டம் வந்தது. வில்லையின் மதிப்பு மிகுதி எனினும், அதைப் பெறச் சிறிதேனும் பணம் செலுத்தவேண்டும். வேலையே இல்லாதவரிடம் பணம் ஏது? உதவித் திட்டம் இருந்தும் அடுப்பு எரியாத வீடுகள் பல இருந்தன.

வீட்டுக் கொல்லையில் ஒரு பன்றியும், தோட்டத்தில் சிறிது காய்கறியும், நிற்பதற்குச் சொந்த நிலமும் இருந்தால் ஒரு குடும்பத்தை எவராலும் அச்சுறுத்த இயலாது என்பது ஹேமரின் கருத்து. இக்கருத்தே ஓர் அமைப்பாக உருவெடுத்தது.

பன்றி வங்கி

1968இல் தேசியக் கறுப்பின மகளிர் மன்றம், அதன் தலைவர் டொரத்தி ஹைட்டின் முயற்சியால், ஹேமருக்குப் பன்றிகளை நன்கொடையாக அளித்தது. அவற்றை இறைச்சியாக்கிப் பகிர்ந்திருந்தால் சில நாள் பசி தீர்ந்திருக்கும். ஹேமர் அவ்வாறு செய்யவில்லை. அவற்றை முதலாகக் கொண்டு ‘பன்றி வங்கி’ ஒன்றைத் தொடங்கினார். சினைப்பன்றியைப் பெறும் குடும்பம் அதை வளர்க்கும். அது ஈனும் குட்டிகள் அக்குடும்பத்தின் உடைமையாகும். கைம்மாறாக, குட்டிகளுள் ஒரு பகுதியை வங்கி வழியாக வேறு குடும்பங்களுக்கு வழங்கவேண்டும்.

இம்முறையில் கடன் உண்டு, வட்டி இல்லை. பெறுபவர் உண்டு; இரப்பவர் இல்லை. இன்று உதவி பெற்ற குடும்பமே நாளை உதவி வழங்கும் குடும்பமாகிறது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இதனால் பயன்பெற்றன. பண்ணையாரின் கணக்கேட்டில் ஆண்டுதோறும் கடன் பெருகியது. பன்றி வங்கியின் கணக்கிலோ ஆண்டுதோறும் உடைமை பெருகியது.

விடுதலைப் பண்ணை

1969இல் ரூல்வில் என்னும் ஊரை அடுத்து 40 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அதுவே ‘விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு’ ஆகும். வடபகுதியைச் சேர்ந்த தொண்டு அமைப்புகளும் பாடகர் ஹாரி பெலஃபாண்ட் போன்றோரும் பொருளுதவி செய்தனர். சில ஆண்டுகளில் பண்ணை 600 ஏக்கருக்கும் மேலாக விரிந்தது.

நிலத்தின் ஒரு பகுதியில் வெண்டை, கீரை, தட்டைப்பயறு, அவரை வகைகள் விளைந்தன. அவை உறுப்பினர்களின் உணவுக்கு உரியவை. மற்றொரு பகுதியில் பருத்தியும் சோயா மொச்சையும் பயிராயின. அவற்றை விற்ற பணம் நிலக்கடனை அடைக்க உதவியது. மாத உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். அந்த ஒரு டாலரையும் தவறாது செலுத்த இயன்றவை ஏறத்தாழ முப்பது குடும்பங்களே. ஆயினும், பணம் இல்லை என்பதற்காக எவரும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படவில்லை. வறுமையுற்ற வெள்ளையினக் குடும்பங்களும் அங்கு உணவு பெற்றன.

உணவோடு பணி நிற்கவில்லை. பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சொந்த வீடு பெற வழிகாட்டப்பட்டது. பெண்களுக்குத் தையல் தொழில் வாய்ப்பும் மாணவர்களுக்குக் கல்வி உதவியும் கிடைத்தன. சமையலறை, வீடு, தொழில், பள்ளி ஆகிய நான்கும் ஒரே கயிற்றின் புரிகள் என்று ஹேமர் கருதினார்.

தெரியுமா?

1967இல் மவுண்ட் பேயூ என்னும் ஊரில் நலவாழ்வு மையம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு வந்த குழந்தைகள் பலரின் நோய்க்கு ஊட்டச்சத்துக் குறைவே காரணம் எனக் கண்டார் மருத்துவர் ஜாக் கெய்கர். எனவே, மருந்துச்சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதித் தரப்பட்டன. உள்ளூர்க் கடைகள் அவற்றை வழங்கின; செலவு மருந்துக் கணக்கில் சேர்ந்தது. மருந்துக்கான பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என மேலதிகாரிகள் வினவினர். ஊட்டச்சத்துக் குறைவுக்கு உணவே மருந்து என்று மருத்துவ நூல்கள் கூறுவதாக அவர் விடையளித்தார். இதன் தொடர்ச்சியாக மக்களே தமக்கான காய்கறியை விளைவிக்கும் கூட்டுறவுப் பண்ணை ஒன்றும் உருவானது. அதை வழிநடத்தியவர்களுள் ஒருவர் வாரக்குடியின் மகளான எல்.சி. டோர்சி.

வீழ்ச்சி கற்பித்தது

விடுதலைப் பண்ணை நீண்டகாலம் நிலைக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வந்து விளைச்சலைக் குலைத்தன. காய்கறி பசியைத் தீர்த்தது. ஆனால், நிலவரியைச் செலுத்தப் பணம் தரவில்லை. உறுப்பினர்களால் பொருள் தர இயலாமையால் அமைப்பு வெளியார் நன்கொடையையே நம்பியிருந்தது. நன்கொடை திரட்டும் சுமை பெரிதும் ஹேமர் ஒருவர் மீதே விழுந்தது. அவர் உடல்நலம் குன்றியபோது நன்கொடையும் குன்றியது. 1976இல் வரிநிலுவைக்காக நிலம் கைவிட்டுப் போனது. மறு ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் ஹேமர் தம் 59ஆம் வயதில் மறைந்தார்.

இம்முடிவைத் தோல்வி என்று மட்டும் கூறிவிட இயலாது. பசித்திருந்த குடும்பங்கள் தம் உழைப்பின் விளைவைத் தாமே உண்டன. வாடகை வீடும் அறியாதவர்கள் சொந்த வீட்டில் குடியேறினர். எனினும், நன்னோக்கம் மட்டுமே ஓர் அமைப்பைக் காக்காது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. உணவுப்பயிருக்கு இணையாக வருவாய்க்கும் வழி வேண்டும். ஒருவர் தளர்ந்தால் பொறுப்பை ஏற்கப் பலர் ஆயத்தமாக இருக்கவேண்டும். இடர் வரும் ஆண்டுக்கெனச் சேமிப்பு வேண்டும். 1967இல் தொடங்கப்பட்ட தெற்கத்தியக் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு, தனித்தனிச் சங்கங்களை ஒன்றிணைத்து, சிறு உழவர்களின் நிலத்தைக் காக்கும் பணியை இன்றும் செய்துவருகிறது.

பிறர் இடும் உணவை மட்டுமே நம்பியிருப்பவரின் குரலை, அவ்வுணவை நிறுத்துபவர் அடக்கிவிடலாம். தம் கையால் விளைவித்து உண்பவரின் குரலை அவ்வாறு அடக்க இயலாது. நிலமும் வாக்கும் சேர்ந்தே மனிதரை முழுக் குடிமக்களாக்குகின்றன.

இலக்கணக் குறிப்பு

விளைநிலம் – வினைத்தொகை
தீராத கடன் – எதிர்மறைப் பெயரெச்சம்
நிலமும் வாக்கும் – எண்ணும்மை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இயங்கும் மகளிர் குழு அல்லது கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சென்று, அதன் வரவுக்கும் செலவுக்கும் உரிய வழிகளைக் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.
2. ‘உதவியாகத் தருவது – முதலாகத் தருவது: எது சிறந்தது?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. உணவு வில்லைத் திட்டம் வேலையிழந்தோர்க்குப் பயன்படாமல் போனது ஏன்?
2. மருந்துச்சீட்டில் உணவு எழுதப்பட்டதன் காரணம் யாது?

சிறுவினா
1. பன்றி வங்கி செயல்பட்ட முறையை விளக்குக.

நெடுவினா
1. விடுதலைப் பண்ணையின் வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்து, இன்றைய கூட்டுறவு அமைப்புகள் அவற்றிலிருந்து கற்கவேண்டியவற்றைத் தொகுத்து எழுதுக.