இல்லத்துக் கணினியும் அந்தரங்கமும்

ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் பல பொருள்களைப் பொதுவில் வைத்து ஆளுதல் நம் நாட்டு வழக்கம். ஆயினும், பிறர்க்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தல் முறையன்று என்பதை யாவரும் அறிவர். கடிதங்கள் கணினியினுள் புகுந்துவிட்ட இந்நாளில் அம்முறையைக் காப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மாமல்லபுரத்தில் சிற்பத் தொழில் புரியும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டிலுள்ளது ஒரே கணினி. தந்தைக்கு வரும் சிலை ஆர்டர்களும் விலைக் கணக்கும் அதிலே. செங்கற்பட்டில் கல்லூரியிற் பயிலும் மகளின் பாடக் குறிப்புகளும் மடல்களும் அதிலே. தம்பியின் விளையாட்டும் அதிலே. தம்பி அறியாது ஒரு கோப்பை அழிப்பின், தந்தையின் கணக்குக் கெடும். மகளின் மின்னஞ்சல் திறந்தபடி கிடப்பின், அவளை நம்பித் தன் துயரை எழுதிய தோழியின் இரகசியமும் வெளிப்படும். ஆதலின், அந்தரங்கத்தைக் காத்தல் நம்மை நம்பினோர்க்கு நாம் செலுத்தும் கடனாகும்.

இவ்விடர் புதிதன்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவருடன் உழைத்தோரும், ஒரு கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையை 1961-ஆம் ஆண்டில் செய்து காட்டினர். ஒருவர் கோப்பு மற்றவர் கைப்படாதிருக்க அம்முறையில் ஆளுக்கொரு கடவுச்சொல் வகுக்கப்பட்டது. பின்னர் ஒருநாள், அன்றைய அறிவிப்புத் தோன்றவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் தோன்றின. காரணம் யாது? மேற்பார்வையாளர் இருவர் ஒரே இடத்தினின்று ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்த, அவற்றின் தற்காலிகப் படிகள் ஒரே பெயர் கொண்டமையால் தம்முள் மாறிப்போயின. ஓரிடத்தைப் பலர் பிரிவின்றி ஆளுவதன் கேடு இதனால் விளங்கும்.

மாமல்லபுரத்து மும்மூர்த்தி குகையில் பாறை ஒன்று, கருவறை மூன்று, ஒவ்வொரு வாயிலிலும் காவலர் உருவங்கள். இல்லத்துக் கணினியையும் அங்ஙனமே வகுத்தல் வேண்டும்.

முதலாவது, ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் ஏற்படுத்துக. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கே போதும். நிர்வாகிக் கணக்குடையார் பிறர் கோப்புகளையும் திறக்க வல்லவர். ஆதலின் அதனைப் பொறுப்புள்ள ஒருவரே வைத்திருத்தல் நலம்.

இரண்டாவது, எழுந்து செல்லுமுன் திரையைப் பூட்டுக. விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் விசையுடன் 'எல்' விசையை அழுத்தினாற் போதும்.

மூன்றாவது, மின்னஞ்சலை முதற்கண் காக்க. பிற கணக்குகள் பலவற்றின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அதன்மூலமே வருவதால், அது வீட்டின் சாவிக்கொத்தை ஒக்கும். அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு அமைக்க. பலர் புழங்கும் கணக்கில் கடவுச்சொல்லைச் சேமிக்க உலாவிக்கு இடங்கொடாது, வேலை முடிந்ததும் வெளியேறுக.

நான்காவது, கணினி களவு போயின், உள்ளிருக்கும் வட்டைக் கழற்றி வேறொன்றில் இணைத்துப் படிக்கலாம். பயனர் கடவுச்சொல் மட்டும் அதனைத் தடுக்காது. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தலே அதற்குக் காப்பு. அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. கடவுச்சொல்லும் அச்சாவியும் ஒருங்கே தொலையின் உரியவரும் உட்புக இயலாது.

"வீட்டாரிடம் ஒளிப்பது என்ன?" என்பார் சிலர். அந்தரங்கம் அடிப்படை உரிமையென இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசே மதிக்கவேண்டிய ஒன்றை அன்புடையார் மதித்தல் அரிதோ?

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் நும் இல்லத்துக் கணினியில் பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் தனித்தனிக் கணக்கு அமைத்துக் கொடுப்பீர்களாக. அவர்கள் தத்தம் கடவுச்சொல்லை எழுதும்பொழுது, முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வீர்களாக.