கனரக அனுமதிப்பத்திரம் எடுத்தாயிற்று: முதல் சம்பளம் எவ்வளவு?

சொந்த இடத்துக்குத் திரும்பிய பல குடும்பங்களில் இளைஞர் ஒருவராவது லொறி அல்லது டிப்பர் ஓடப் பழகியிருக்கிறார். வீதி வேலைக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் கிரவல், மணல், கல், சீமெந்து ஏற்ற வேண்டியிருப்பதால் சாரதிகளுக்குத் தேவை இருக்கிறது. பயிற்சிக்கும் பரீட்சைக்கும் வைத்தியச் சான்றிதழுக்கும் காசு செலவழித்திருப்பீர்கள். சிலர் நகை அடகு வைத்திருப்பீர்கள். ஆகவே "இனி மாதம் எவ்வளவு வரும்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பது இயல்பு. அதற்கான விடையை நீங்களே கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க இந்தப் பாடம் உதவும். சாரதியும் வீட்டுச் செலவைப் பார்ப்பவரும் சேர்ந்திருந்து வாசியுங்கள்.

1. முதல் மாதங்கள் எப்படி இருக்கும்?

அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த அன்றே பெரிய வாகனத்தின் சாவியும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். லொறி முதலாளிக்குப் பெருந்தொகை முதலீடு. பெரும்பாலும் அதில் லீசிங் கடனும் இருக்கும். ஆகவே புதியவரை முதலில் கிளீனராக ஏற்றிச் சென்று, இடையிடையே ஓடக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் கிளீனரின் சம்பளந்தான் கிடைக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாரம் ஏற்றிய வாகனத்தைப் பள்ளத்தில் இறக்குவதும், மழையில் கிரவல் பாதையில் திருப்புவதும் பரீட்சையில் வருவதில்லை. ஆனால் அந்தக் காலம் எவ்வளவு என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். இரண்டு மாதம் என்று சொல்லி ஒரு வருடமாக இழுபட்டவர்கள் உண்டு.

2. சம்பளம் தரும் இரு முறைகள்

மாதச் சம்பளம்: வாகனம் ஓடினாலும் நின்றாலும் பேசிய தொகை கிடைக்கும்.

ட்ரிப் கணக்கு: ஒவ்வொரு நடைக்கும் இவ்வளவு என்று கிடைக்கும். லொறி நின்றால் வருமானமும் நிற்கும்.

கீழே உள்ள தொகைகள் கணக்கைப் பழகுவதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் ஊரில் பேசப்படும் தொகையை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு முதலாளி ட்ரிப்புக்கு 250 ரூபா தருவதாகச் சொல்கிறார். "நாளுக்கு நாலு ட்ரிப், மாதம் 26 நாள்" என்கிறார். 104 ட்ரிப்புக்கு 26,000 ரூபா. இன்னொருவர் மாதம் 15,000 ரூபா என்கிறார். கேட்டவுடன் முதலாவதுதான் நல்லதாகத் தெரியும்.

இனி மழை மாதத்தை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிரவல் குழிக்குள் தண்ணீர் நிற்கும். ரயர் வெடிக்கும். மணல் அனுமதி தாமதமாகும். அந்த மாதம் 17 நாள், நாளுக்கு மூன்று ட்ரிப் என்றால் 51 ட்ரிப். வருவது 12,750 ரூபா. சாப்பாட்டுக்கு நாளுக்கு 200 ரூபாப்படி 3,400 ரூபா போக, மிச்சம் 9,350 ரூபா. நல்ல மாதத்தில் 26,000 ரூபாவில் சாப்பாட்டுச் செலவு 5,200 ரூபா போக 20,800 ரூபா மிஞ்சும். ஒரே வேலை, ஒரே சாரதி. மாதத்துக்கு மாதம் பாதிக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே ட்ரிப் கணக்கில் வேலை செய்பவர் கடன் தவணையையும் சீட்டுக் காசையும் மழை மாத வருமானத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். நல்ல மாதத்தில் மிஞ்சுவதில் ஒரு பகுதியை ஐப்பசிக்கென ஒதுக்குங்கள். வீதி வேலை முடிந்ததும் ட்ரிப்புகள் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. கையில் வராத சம்பளம்

15,000 ரூபா மாதச் சம்பளத்துக்குத் திரும்புவோம். ஊழியர் சேமலாப நிதிக்காக உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், அதாவது 1,200 ரூபா கழிக்கப்படும். கையில் 13,800 ரூபா வரும். ஆனால் முதலாளி தன் பங்காக 12 சதவீதம், 1,800 ரூபா செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம், 450 ரூபா அவரே கட்ட வேண்டும். ஆக மாதம் 3,450 ரூபா உங்கள் பெயரில் சேரும். ஒரு வருடத்தில் அது 41,400 ரூபா.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று: தற்காலிக வேலையாட்களுக்கும் ட்ரிப் கணக்கில் வேலை செய்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. ஒரே ஒரு வேலையாளை வைத்திருக்கும் முதலாளியும் கட்ட வேண்டும். "நீர் நிரந்தரம் இல்லை" என்பது சட்டப்படி பதிலாகாது. முதலாளியின் 12 சதவீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிப்பதும் சட்டவிரோதம். சாரதிக்கு ஏதும் நடந்தால், அவர் பெயர் குறித்து வைத்த உறவினருக்கு இந்தப் பணம் சேரும். ஆகவே அங்கத்துவ இலக்கத்தையும் பெயர் குறித்த விபரத்தையும் வீட்டிலும் எழுதி வையுங்கள்.

வேலையின்போது காயப்பட்டால் நட்டஈடு கேட்கும் உரிமை 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கெனச் சம்பளச் சபை ஒன்றும் உண்டு. அது தீர்மானித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறைவாக யாரும் தர முடியாது. தற்போதைய தொகையைத் தொழில் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

4. சம்பளத்தைத் தின்னும் விடயங்கள்

முற்பணம்: வேலை தொடங்கும்போது பெருந்தொகை தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். அது தீரும்வரை வேறு வேலைக்குப் போக முடியாமல் போகலாம். வாங்கினால் மாதம் எவ்வளவு கழிக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

திருத்தச் செலவு: ரயர், கண்ணாடி, பிரேக் செலவுகளைச் சாரதியின் தலையில் போடுவதுண்டு. யார் பொறுப்பு என்பதை முன்னரே பேசுங்கள்.

தண்டப்பணம்: ஓடிய பிழைக்குச் சாரதி பொறுப்பு. வாகனத்தின் குறைக்கும் அதிக பாரத்துக்கும் முதலாளி என்ன செய்வார் என்று கேளுங்கள். பொலிசார் தரும் தண்டப்பத்திரத்தின் தொகையை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் இரட்டிப்பாகும். அதற்கும் தவறினால் நீதிமன்றம் செல்ல வேண்டும்.

அனுமதியற்ற மணல்: இதற்குத்தான் ட்ரிப் காசு கூடத் தருவார்கள். மணல் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் தேவை. அது இல்லாமல் பிடிபட்டால் வீதியில் நிற்பவர் சாரதிதான், முதலாளி அல்ல. வாகனத்தோடு அவரையும் பொலிசுக்குக் கொண்டு செல்வார்கள். பத்திரத்தை உங்கள் கண்ணால் பார்த்த பின்னரே ஓடுங்கள்.

உங்கள் ஆவணங்கள்: தேசிய அடையாள அட்டையையோ சாரதி அனுமதிப்பத்திரத்தையோ முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டாம். பிரதி கொடுத்தால் போதும். கனரக வாகன அனுமதி நான்கு வருடத்துக்கொரு முறை வைத்தியச் சான்றிதழுடன் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

5. கேட்க வேண்டிய கேள்விகள்

கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயப்படுகிறீர்களா? மரியாதையாகக் கேட்கலாம்:

"அண்ணை, லொறி கராஜில் நிக்கிற நாளுக்கு ஏதும் தருவியளோ?"
"எத்தனை மாதம் கிளீனரா நிக்கவேணும்?"
"சேமலாப நிதி எந்த மாதத்தில இருந்து கட்டுவியள்?"
"ரயர் வெடிச்சால் ஆற்ற கணக்கு?"
"சம்பளம் மாதம் எத்தனையாம் திகதி?"

பதில்களை அன்றே கொப்பியில் எழுதுங்கள். திகதி, ட்ரிப் எண்ணிக்கை, ஏற்றிய இடம், இறக்கிய இடம், வாங்கிய காசு ஆகியவற்றையும் நாளாந்தம் குறியுங்கள். சம்பளத்தில் பிணக்கு வந்தால் அந்தக் கொப்பியுடன் உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்பது விபரங்களைத்தான்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

உங்களுக்குச் சொல்லப்பட்ட சம்பளத்தை எடுங்கள். நல்ல மாதம், மழை மாதம் என இரண்டு நிரல்கள் போடுங்கள். வருமானம், சாப்பாடு, போக்குவரத்து, முற்பணக் கழிவு, சேமலாப நிதி என வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். மழை மாத நிரலில் மிஞ்சும் தொகையில் அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அடகு வட்டியும் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்கினால் துணிந்து வேலையை ஏற்கலாம். அடங்காவிட்டால், சம்மதம் சொல்வதற்கு முன் மற்ற முதலாளியிடமும் ஒருமுறை போய்ப் பேசுங்கள்.