வாய் பொத்தினால் பொய்யா?

திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியறை. வேலைக்கான நேர்முகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டுவிடப் போன நான், கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சியாளர் பலகையில் 7, 38, 55 என்று மூன்று எண்களை எழுதினார். "நீங்க பேசுற வார்த்தைக்கு 7 பர்சென்ட்தான் மதிப்பு. குரலுக்கு 38. மிச்சம் 55-ம் உடம்பு பேசுறது." பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். குனிந்த தலைகளுக்கு அவருடைய உடம்பு தெரியவே இல்லை. வார்த்தை மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

இந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளருடையவை. 1967-ல் அமெரிக்காவில் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒன்றில், தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து, சொன்னவரின் மனநிலையை ஊகிக்கச் சொன்னார்கள். இன்னொன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். அதோடு முகங்களின் புகைப்படங்கள். சொன்ன தொனி ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் இழுத்தால், எதிராளிக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? கேள்வி அவ்வளவுதான். விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சைத் தவிர வேறெதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ரேபியனே சொல்லிவிட்டார். பயிற்சி வகுப்புகளின் காதில் அது விழவில்லை.

திருச்சிக்காரர்களுக்கு இதை மறுக்க ஆய்வுகூட வேண்டாம். 1939-ல் தொடங்கிய நம் வானொலி நிலையம் போதும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி வானொலி சொல்லிச் சொல்லியே, டெல்டா விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சொன்னவரின் முகத்தை வயற்காட்டில் யாரும் பார்க்கவில்லை. அந்த 55 விழுக்காடு இல்லாமலே நெல் விளைந்தது.

அடுத்த பாடத்துக்கு வருவோம். கையைக் கட்டினால் மனதை மூடிக்கொண்டவன். வாயருகே கை போனால் பொய் சொல்கிறவன். கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறவன்.

இதை எழுதி வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ப் பாருங்கள். ஆசாரியர் முன் நிற்கும் சீடர் வாயைக் கையால் பொத்தி, பார்வையைத் தாழ்த்திப் பேசுவார். ராமர் சந்நிதிகளில் வாய் பொத்திய அனுமனைப் பார்த்திருப்பீர்கள். மேற்படி பாடத்தின்படி அவர்தான் முதல் புளுகர்! 'கைகட்டி வாய்பொத்தி' என்று நம் மொழி ஒரே மூச்சில் சொல்வது பணிவை. அதே கைகட்டு ஆண்டை முன் நின்றவனுக்குப் பணிவல்ல, பயம். துண்டைத் தோளில் போட விடாத சாதியின் கட்டளை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு டீச்சரின் உத்தரவு. ஏசி அறையில் உட்கார்ந்தவனுக்கு வெறும் குளிர். கை ஒன்றுதான். அது யார் முன்னால், எந்த இடத்தில் என்று தெரியாமல் பொருள் சொல்கிறவர், ஜோசியத்தைத்தான் வேறு பெயரில் சொல்கிறார்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பையன் கேட்டான்: "மாமா, இனிமே கையை எங்க வெச்சுக்கறது?"

"இருக்கற இடத்துலயே இருக்கட்டும்டா."

பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர்கள் சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் பல ஆய்வுகளைத் தொகுத்து, 24,000-க்கு மேற்பட்டவர்களின் கணிப்புகளை 2006-ல் அலசினார்கள். மெய் எது, பொய் எது என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 விழுக்காடு. பூவா தலையா போட்டாலே 50 வரும். கண் வலப்பக்கம் போனால் பொய், இடப்பக்கம் போனால் நினைவு என்ற கதையை ரிச்சர்ட் வைஸ்மன் குழு 2012-ல் சோதித்தது, அதிலும் ஒன்றுமில்லை.

"எங்கம்மா மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?" என்பீர்கள். நீங்கள் செருப்பைக் கழற்றிப் போடும் வழக்கமான சத்தம் அவளுக்குத் தெரியும். அதனால் இன்றைய சத்தத்தின் வித்தியாசமும் தெரிகிறது. இருபது வருடம் உங்களைக் கவனித்தவள். அரை நாள் பயிற்சியில் அது வராது.

சைகைக்கு மொழி வேண்டாம், அது உலகப் பொது என்பதும் பாதி உண்மைதான். நம் ஊர் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். வெளியூர்க்காரருக்கு அது வெறும் சத்தம். மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு, அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு முகம்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் இருக்காது. சேதி விரலில் போய்விட்டது. இரண்டு பேருக்கும் கணக்குத் தெரிந்திருப்பதால்தான் வியாபாரம் நடக்கிறது.

ஸ்ரீரங்கத்தின் பெருமையான நடையழகும் அப்படித்தான். உற்சவர் நம்பெருமாளின் திருமுகம் மாறுவதில்லை. தோளுக்கினியான் என்ற பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளும் காலும் சேர்ந்து அவரைச் சிங்கமாகவும் பாம்பாகவும் நடக்க வைக்கின்றன. உத்தர வீதிப் பாட்டி அதைச் சிம்மகதி என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். முதன்முறை வந்தவருக்குப் பல்லக்கு ஆடுகிறது, அவ்வளவே.

உடம்பால் பேசுவதைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாக வைத்திருப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்: அரையர்கள். கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக முதலில் பாசுரத்தைப் பாடுவார்கள். பிறகு அதையே அபிநயத்தில் காட்டுவார்கள். அடுத்த மார்கழியில் பகல்பத்து உற்சவத்துக்குப் போனால், அபிநயம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அதன் பிறகுதான் அரையர் தம்பிரான்படி வியாக்கியானத்தை எடுத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் காட்டியதன் பொருளை வாய்விட்டுச் சொல்வார்.