இயந்திரத்துக்கும் காய்ச்சல் வரும்!

இந்த முறை அறிவியல் பகுதிக்கு நம்ம வட்டாரத்திலேயே இரவு பகலாக நடக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

அரியலூர் மாவட்டம் என்றாலே சிமெண்ட். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்பும் படிந்து படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆனது. அந்தக் கல்லை நம்பி 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியது. இன்றைக்குக் கீழப்பழுவூர், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய் என்று சுற்றிலும் ஆலைகள். நம்மில் பலர் வீட்டிலிருந்து அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ ஷிப்டுக்குப் போறாங்க. அங்கே ஒரு பெரிய இயந்திரம் கெட்டுப்போகப் போகிறது என்பதை, கெடுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

சூளை திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

சிமெண்ட் ஆலையின் இதயம் சுழலும் சூளை. வேலை செய்பவர்கள் ‘கில்ன்’ என்று சொல்வாங்க. படுக்க வைத்த மிகப் பெரிய இரும்புக் குழாய் அது. கொஞ்சம் சாய்வாக இருக்கும். நிமிடத்துக்கு 3 முதல் 5 சுற்று வரை மெதுவாகச் சுற்றும். உள்ளே அரைத்த சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை வெந்து கிளிங்கர் என்ற கட்டிகளாக வெளியே வரும். இரும்பு அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் குழாயின் உள்பக்கம் முழுவதும் சூடு தாங்கும் செங்கல் பதித்திருப்பாங்க.

இந்தச் சூளை சூடாக இருக்கும்போது சுற்றாமல் நின்றுவிட்டால், தன் எடையாலேயே வளைந்துவிடும்! அதனால்தான் பெரிய மோட்டார் நின்றாலும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கத் தனியாக ஒரு சிறிய எஞ்சின் வைத்திருக்கிறார்கள். நின்ற சூளையை மறுபடி ஓட்டுவதும் சுலபமில்லை. மெல்ல மெல்லத்தான் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் செங்கல் வெடித்து உதிரும். ஆகவே ஒரு சின்ன பேரிங் போனாலும் பெரிய நஷ்டம். பணம் மட்டுமா? அவசரமாகப் பழுது பார்க்கும்போதுதான் ஆட்களுக்கு அடிபடுகிற ஆபத்தும் அதிகம்.

பராமரிப்பு மூன்று வகை

1. கெட்ட பிறகு சரி செய்வது. சைக்கிள் டியூப் பஞ்சர் ஆன பிறகு கடைக்குத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி.

2. நாள் கணக்கு வைத்துச் செய்வது. கெட்டதோ இல்லையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து மாட்டுவது.

3. இயந்திரத்தின் நிலையைப் பார்த்துச் செய்வது. ‘இதற்கு உடம்பு சரியில்லை’ என்று தெரிந்தால் மட்டும் கை வைப்பது.

இரண்டாவது வகைதான் பாதுகாப்பு என்று நமக்குத் தோன்றும். ஆனால் உண்மை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது வாடிங்டன் என்ற பிரிட்டன் விஞ்ஞானி, கடலுக்கு மேலே ரோந்து போகும் விமானங்களின் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். முறைப்படி பிரித்துச் சோதனை செய்த உடனேதான் பழுதுகள் அதிகமாக வந்தன! பிறகு நாள் ஆக ஆகக் குறைந்தன. நன்றாக ஓடுவதைப் பிரித்து மாட்டினால், அதனாலேயே சில கோளாறுகள் புதிதாக நுழைந்துவிடுகின்றன.

1978-இல் அமெரிக்காவில் நௌலன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வயது ஆக ஆகக் கெடும் பழக்கம் உள்ளவை 100-க்கு 11 மட்டும்தான். மற்ற 89-க்கும் வயதை மட்டும் வைத்து ‘இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்று’ என்று சொல்வதில் பயன் இல்லை என்று அதில் எழுதினார்கள். அப்படியானால் நாள்காட்டியைப் பார்த்தால் போதாது. இயந்திரத்தின் நாடியைத்தான் பார்க்க வேண்டும்.

நாடி பார்க்கும் உணரிகள்

நம்ம ஊரில் போர்செட் மெக்கானிக் என்ன செய்கிறார்? ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். ‘பேரிங் போச்சு’ என்கிறார். புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்கிறார். இந்த இரண்டையும் இரவும் பகலும் இடைவிடாமல் செய்கிற கருவிதான் உணரி. ‘சென்சார்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

வெப்ப உணரி: பிளாட்டினம் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை கூடும். 0 டிகிரியில் 100 ஓம் இருப்பது, 100 டிகிரியில் 138.5 ஓம் ஆகும். மின்தடையை அளந்தால் போதும், பேரிங்கின் சூடு தெரிந்துவிடும்.

அதிர்வு உணரி: சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும். இதை 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டுபிடித்தார்கள். (பியர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர்.) மோட்டார் அதிரும்போது படிகம் அழுந்தும், அதற்கேற்ப மின்சாரம் வரும். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் மோட்டார் நொடிக்கு 25 சுற்று. நொடிக்கு 25 முறை பலமாக ஆடினால், சுழலும் பாகத்தின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அதைவிட வேகமாக ‘டக் டக்’ என்று தட்டு விழுந்தால், பேரிங் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கலாம். எந்தத் தட்டு எந்த நோய் என்று கணினி பிரித்துச் சொல்லும்.

அகச்சிவப்புக் கருவி: 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை இது பார்க்கும். சூளையைத் தொடாமலே அதன் வெளித் தகடு முழுவதும் எங்கே எவ்வளவு சூடு என்று வரைபடம் போட்டுக் காட்டும். உள்ளே ஒரு செங்கல் தேய்ந்தால் அதற்கு நேர் வெளியே சூடு கூடும். இரவில் தகடு சிவப்பாக நம் கண்ணுக்கே தெரியும் என்றால், அப்போது ரொம்பத் தாமதம் ஆகிவிட்டது என்று அர்த்தம்!

மின்னோட்ட அளவி: மோட்டார் வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் இழுத்தால் எங்கோ இறுக்கம். நம்ம வயல் மோட்டாரில் ஆம்பியர் திடீரென்று குறைந்தால், கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடுகிறது என்று பொருள்.

ஏன் இணைக்க வேண்டும்?

ஓர் உணரி மட்டும் இருந்தால் ஏமாறலாம். மே மாத வெயிலில் எல்லா பேரிங்கும் கூடுதலாகச் சுடும். அது நோய் இல்லை, கோடை. ஒரே ஓர் உணரி மட்டும் 52-லிருந்து சட்டென்று 400 டிகிரி காட்டினால், பேரிங் எரியவில்லை, அநேகமாக உணரியின் ஒயர் அறுந்திருக்கும். ஆனால் ஒரே பேரிங்கில் சூடும் கூடி, அதிர்வும் கூடி, மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் கூடினால்? அது நிச்சயமாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதனால் எல்லா உணரிகளையும் கம்பி வழியாகவோ கம்பியில்லாமலோ ஒரு கணினியோடு இணைக்கிறார்கள். டாக்டரும் காய்ச்சலை மட்டும் பார்ப்பதில்லையே, நாடி, நாக்கு, இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தானே சொல்றாங்க!

ஒரு சின்னக் கணக்கு

இது நானே போட்ட எடுத்துக்காட்டு. ஒரு பேரிங்கின் சூடு இப்படி இருக்கிறது (டிகிரி செல்சியஸில்):

திங்கள் 52, செவ்வாய் 52, புதன் 53, வியாழன் 56, வெள்ளி 59, சனி 62.

80 டிகிரியில் அலாரம் அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை அலாரம் அடிக்கவில்லை. ‘எல்லாம் சரி’ என்று வீட்டுக்குப் போகலாமா? புதன்கிழமைக்குப் பிறகு நாளுக்கு 3 டிகிரி ஏறுகிறது. 80-க்கு இன்னும் 18 டிகிரி. 18-ஐ 3-ஆல் வகுத்தால் 6. அதாவது இதே வேகத்தில் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை அலாரம். நோய் முற்ற முற்ற வேகம் கூடும் என்பதால் ஆறு நாளும் காத்திருக்கக் கூடாது. ஆனாலும் புது பேரிங் வாங்கி வைக்கவும், ஆட்களைத் தயார் செய்யவும், பகல் வெளிச்சத்தில் நிதானமாக நிறுத்தி மாற்றவும் நேரம் கிடைத்துவிட்டது. அலாரம் இன்றைய நிலையைச் சொல்லும். வரைபடம் நாளைய நிலையைச் சொல்லும். கணக்குப் பாடத்தில் வரைபடத்தாளில் புள்ளி வைக்கிறோமே, அது சும்மா இல்லை!

பாம்பன் சொன்ன எச்சரிக்கை

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும்படி அமைந்திருந்தது. நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்று பட்டு இரும்பு அரித்தது. சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் அந்தப் பாலத்தில் உணரிகளைப் பொருத்திக் கண்காணித்தார்கள். 2022 டிசம்பரில் அவை அபாய எச்சரிக்கை தந்தன. டிசம்பர் 23 முதல் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. ரயில்கள் மண்டபம், ராமநாதபுரத்தோடு நின்றன. ராமேஸ்வரம் போகிறவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது.

இதை நம்ம அரியலூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1956 நவம்பர் 23 விடியற்காலை. மழை வெள்ளம் மருதையாற்றுப் பாலத்தைப் பலவீனமாக்கியிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் ரயில் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இதை நம்ம பக்கத்துப் பெரியவங்க இன்னும் சொல்றாங்க. அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் ஏறுவதை ஸ்டேஷனுக்குச் சொல்ல ஒரு கருவி இல்லை. இன்று முக்கியமான ரயில் பாலங்களில் நீர்மட்டத்தை அளந்து, அபாய அளவைத் தொட்டால் அதிகாரிகளின் செல்போனுக்கே எஸ்.எம்.எஸ். அனுப்பும் கருவிகளை ரயில்வே வைத்து வருகிறது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்த ஆலையில் அழுத்தம் காட்டும் மானி இருந்தது. தொட்டியில் அழுத்தம் ஏறியதை அது காட்டவும் செய்தது. ஆனால் அங்கே கருவிகள் அடிக்கடி தப்பாகக் காட்டிப் பழகியிருந்ததால், யாரும் உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிரூட்டும் இயந்திரமும் முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ‘புலி வருது, புலி வருது’ கதைதான். பொய் அலாரம் அடிக்கிற உணரி, உணரி இல்லாததைவிட மோசம்.

ஆகவே மூன்று காரியம் சேர்ந்து நடக்க வேண்டும். உணரி சரியாக அளக்க வேண்டும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். ‘நிறுத்து’ என்று சொல்லும் தைரியமும், அதைக் கேட்கும் மனசும் மேலே இருப்பவர்களுக்கு வேண்டும். ‘இந்த லோடு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டால் எத்தனை உணரி வைத்தும் வீண். அதேபோல ஆயில் போடுகிற தொழிலாளி ‘இன்னைக்குச் சத்தம் ஒரு மாதிரி இருக்குங்க’ என்று சொன்னால் அதையும் ஓர் உணரியின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். காண்டிராக்ட் ஆள் சொன்னாலும் சரி, இஞ்சினியர் சொன்னாலும் சரி, சத்தம் ஒன்றுதானே?

செய்து பாருங்கள்

உணரி வாங்கக் காசு வேண்டாம். பள்ளித் தண்ணீர்த் தொட்டி நிரம்ப மோட்டாருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் ஒரே நோட்டில் எழுதுவோம். தொட்டி எந்த அளவில் இருக்கும்போது மோட்டார் போட்டோம் என்பதையும் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து வரைபடம் போடுவோம். நிமிடம் கூடிக்கொண்டே போனால் மூன்று சந்தேகம்: நீர்மட்டம் இறங்குகிறது, குழாயில் கசிவு, அல்லது மோட்டார் தேய்கிறது. எது என்று மெக்கானிக்கிடம் கேட்போம். தண்ணீர் வராத நாளில் குடத்தோடு வரிசையில் நிற்பதைவிட இது மேல். மோட்டாரை யாரும் தொட வேண்டாம். கடிகாரமும் நோட்டும் போதும்.

யோசித்துப் பாருங்கள் (விடை தெரிந்தவர்கள் தாளில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்கவும்)

1. ஒரே நாளில் எல்லா பேரிங்கும் 4 டிகிரி கூடினால் என்ன காரணமாக இருக்கும்?
2. நிமிடத்துக்கு 960 சுற்று சுற்றும் மோட்டார் நொடிக்கு எத்தனை சுற்று?
3. உங்கள் வீட்டில் எந்தப் பொருள் கெடுவதற்கு முன் சத்தம் கொடுக்கும்?

வந்தபின் அழுவதைவிட வருமுன் காப்பது மேல். இது உடம்புக்கு மட்டுமில்லை, இரும்புக்கும்தான். ஷிப்டுக்குப் போனவங்க நல்லபடியா வீடு திரும்பணும். அதற்குத்தான் இவ்வளவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, கீழப்பழுவூர்