எல்லையோரத்தில் நோயை எண்ணுகிறவர்களுக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கேரளத்துக் கொல்லங்கோட்டிலும் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியிலும் வேலை பார்க்கும் தொற்றுநோயியலாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கப் போவதாகவும், அதற்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். வரைவைப் படித்தேன். மாநாடு, ஆய்விதழ், விருது, சொந்தக் கட்டடம் என்று எல்லாம் இருக்கிறது. எதையும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் சங்கத்தைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை எது என்று தேடினேன். அது மட்டும் அதில் இல்லை.

மாநாட்டுக்கும் ஆய்விதழுக்கும் பழைய சங்கங்கள் இருக்கின்றன. இந்தியப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1956 முதல் இயங்குகிறது. நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத் துறையினரின் சங்கம் 1974-இல் பிறந்தது. இரண்டுமே ஆய்விதழ் நடத்துகின்றன. அவற்றில் உறுப்பினராகச் சேர், கட்டுரைகளை அங்கே அனுப்பு. அதே வேலையைச் சின்னதாக இன்னொரு முறை செய்ய ஒரு சங்கம் வேண்டாம்.

உன் வேலை உன் ஊரின் வரைபடத்திலேயே இருக்கிறது. பரம்பிக்குளம் கேரளத்து முதலமடை பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் சாலை வழியாக அங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக முடியும். சொந்தப் பஞ்சாயத்தின் ஒரு மூலைக்குப் போகும் சுகாதாரப் பணியாளர் மாநில எல்லையை இரண்டு முறை கடக்கிறார். முதலமடை மாந்தோப்பில் கூலிக்கு வருகிறவர் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவராக இருப்பார். இந்தப் பக்கத்துக்காரர் காய்ச்சல் வந்தால் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போவார். அங்கே டெங்கு என்று உறுதியாகி, சிகிச்சை பெற்ற ஊரே முகவரியாகப் பதிவானால், கொசு மருந்து அடிக்கிறவர்கள் அந்த ஊருக்குத்தான் போவார்கள். கொசுவோ இங்கே அவர் வீட்டுத் தொட்டியில் இருக்கும்.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா எப்படிப் பிடிபட்டது என்பதை நினைத்துப் பார். ஒரே குடும்பத்தில் இரண்டாமவருக்கும் அதே மூளைக்காய்ச்சல் அறிகுறிகள் வந்ததும் மருத்துவர்களுக்கு ஐயம் எழுந்தது. முதலாமவர் கோயம்புத்தூரிலும் இரண்டாமவர் பாலக்காட்டிலும் சேர்க்கப்பட்டிருந்தால்? இரண்டு மருத்துவமனைகளிலும் தனித்தனியாக ஒரு மூளைக்காய்ச்சல் நோயாளி, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் எங்கும் இருந்திருக்காது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலும் நிபா உறுதியானது. ஆகவே இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

அரசமைப்புச் சட்டம் பொதுச் சுகாதாரத்தை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-ஆம் இனம். பொறுப்பு இரண்டு அரசுகளுக்கும் உண்டு; அன்றாட வேலையாக அதைச் செய்கிறவர் யார் என்பதில்தான் இடைவெளி. பரம்பிக்குளம்–ஆழியாறு நீருக்கு அந்த இடைவெளி இல்லை. 1970-இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் மணக்கடவில் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். கண்காணிக்கக் கூட்டு வாரியம் இருக்கிறது. எவ்வளவு சச்சரவு வந்தாலும், எங்கே அளப்பது, எதை அளப்பது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே விடை. காய்ச்சலுக்கும் அப்படி ஓர் அளவை உண்டாக்கு. உன் சங்கத்தின் நோக்கம் இந்த ஒரே வரியில் அடங்கும்.

இதைச் சாதிக்க அரசாணை கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் 1951-இல் மாநிலத் தொற்றுநோயியலாளர்கள் கூடி ஓர் அவையம் அமைத்தார்கள். எந்தெந்த நோய்களை மாநிலங்கள் நாட்டளவில் அறிவிக்க வேண்டும் என்று முடிவு செய்வதே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அறிவிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிதான். எண்ணுகிறவர்கள் ஒன்றுபட்டு ஒரு பட்டியலுக்கு ஒப்புக்கொண்டதால் அது நாடு முழுவதும் நிற்கிறது. அந்தப் பட்டியலை இன்றும் அவர்களே திருத்துகிறார்கள்.

ஆகவே ஐந்தாண்டுத் திட்டத்தை மூன்று வேலைகளாகச் சுருக்கு.

முதலாவது, ஐந்தாறு நோய்களுக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே நோய் வரையறை. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மூளைக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் தொடங்கு. எந்த அறிகுறிகள் இருந்தால் ஐயம், எந்தப் பரிசோதனை முடிவு வந்தால் உறுதி என்பதை ஒரே பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுது. மாந்தோப்பில் மருந்தடிப்பவர்களுக்கு வரும் நஞ்சுப் பாதிப்பையும் சேர்த்துக்கொள். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் பூச்சிமருந்து ஹெலிகாப்டரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தெளிக்கப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்களை எண்ணுவதே ஒரு போராட்டமாக ஆனது. தொடக்கத்திலேயே எண்ணாமல் விட்டதைப் பின்னால் மீட்பது மிகக் கடினம்.

இரண்டாவது, மாதம் ஒரு கூட்டம், ஒரு மாதம் கொல்லங்கோட்டில், மறு மாதம் பொள்ளாச்சியில். ஒரே ஒரு நோய்ப்பரவலை எடுத்து அலசுங்கள். அளவுகோல் தயாராக இருக்கிறது: 2021-இல் முன்வைக்கப்பட்ட 7-1-7. ஏழு நாளில் கண்டுபிடித்தோமா, ஒரு நாளில் அறிவித்தோமா, ஏழு நாளில் தொடக்க நடவடிக்கைகளை முடித்தோமா? எந்தக் கட்டத்தில் நாள் வீணாயிற்று என்று தேடுங்கள்; யாரால் என்று தேடாதீர்கள்.

மூன்றாவது, உண்மையான எண்ணைச் சொல்கிறவருக்குத் துணை நிற்பது. நன்றாகத் தேடுகிற சுகாதார நிலையத்தில்தான் நோய் அதிகமாகத் தெரியும். அதற்காக அங்குள்ளவர் மேலிடத்தில் திட்டு வாங்கினால், அடுத்த வாரம் எண் தானாகக் குறையும், நோய் குறையாது. தனியாளாக இதை எதிர்த்துப் பேச முடியாது. சங்கம் பேச முடியும். இந்த ஒன்றுக்காக மட்டுமே சங்கம் இருந்தாலும் அது வீண் இல்லை.

உறுப்பினர் பட்டியலை மருத்துவர்களோடு நிறுத்திவிடாதே. ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், கால்நடை மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள் எல்லோருக்கும் சமமான ஓட்டு வேண்டும். காய்ச்சலை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான். சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களப் பயிற்சி அளித்து வருகிறது. அங்கே படித்தவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குப் பயிற்சி கொடு. தலைவர் பதவியை ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் வகிக்கக் கூடாது என்று விதியில் எழுது. தலைமை எல்லையின் இரு பக்கமும் மாறி மாறி வரட்டும். பணத்துக்குச் சந்தா போதும். பூச்சிமருந்துக் கம்பெனியிடமும் தடுப்பூசிக் கம்பெனியிடமும் ஒரு தேநீர்ச் செலவுகூட வாங்காதே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நோயாளியின் பெயரும் முகவரியும் சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்கு ஒருபோதும் வரக் கூடாது. அது அரசின் நோய்க் கண்காணிப்புத் தளமான ஐஎச்ஐபி வழியாக, உரிய அலுவலர்களிடையே மட்டுமே போக வேண்டும். இரு பக்கச் சட்டங்களையும் படித்து வை. 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் பாலக்காடு உள்ளிட்ட மலபாரிலும் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 2023-இல் கேரளம் தனக்கென்று புதிய சட்டம் கொண்டுவந்துவிட்டது. இனி இரண்டையும் அறிந்தவர்களே எல்லையில் பயன்படுவார்கள்.

வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். மூன்று வேலைகளைத் தவிர மற்றவற்றை அடித்துவிடு. ஐந்தாண்டு முடிவில் முதலமடையில் வந்த ஒரு காய்ச்சல் பொள்ளாச்சியில் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே கொல்லங்கோட்டுக்குத் தெரிந்தால், உன் திட்டம் வென்றது என்று பொருள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் முதல் கூட்டத்தைக் கூட்டு.

அன்புடன்,
அண்ணன்