நெடுநாள் நோயும் தாங்கலின் கடமையும்



கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூருக்கு நடந்த அந்த வழிநடையை அன்புக்கொடி மக்கள் எல்லோரும் அறிவார்கள். தீராத நோயில் படுத்த மகனை அந்தத் தாய் வீட்டில் விட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போகவில்லை; உற்றார் துணையோடு சுமந்து கொண்டு போனார். மகன் கடலுக்குள் சென்றதும், மூன்றாம் நாள் வைகுண்டராய் வெளிவந்ததும் ஏடு வாசிப்பில் உருகிக் கேட்கப்படுகின்றன. அதற்கு முன்னால் சுமந்து நடந்தவர்களை யாரும் அதிகம் நினைப்பதில்லை. இந்தப் பாடம் அவர்களைப் பற்றியது.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு 3 நாள், ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். பஸ்ஸில் போய் வரும் நேரத்தையும் சேர்த்தால் அந்த நாள் முடிந்துவிடும். கூட்டிப் போகும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைக்குக் கூலி இல்லை. ஒரு மாதத்தில் முடிகிற காரியமும் அல்ல. முதல் மாதம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் ஆறாம் மாதம் எட்டிப் பார்ப்பதில்லை. வீடே நோயாளியாகிவிடுகிறது.

சிகிச்சைச் செலவுக்கு வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு; டயாலிசிஸும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குமரி மாவட்டத்தவருக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வேண்டிய பைகளை 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொடுக்கிறார்கள். எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் 104-க்குப் போன் செய்யலாம். படிக்கத் தெரியாத பெரியவருக்கு இந்தப் படிவங்களே பெரிய மலை. தாங்கலில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

இனி, பலரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒன்று. அய்யாவின் மண்ணும் தண்ணீரும் இருக்க ஊசி மருந்து எதற்கு என்று சில வீடுகளில் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். நாமம் அணிவதற்கும் மருந்து உண்பதற்கும் பகை கிடையாது. தாங்கலில் கணக்குக் கேட்டு மனம் தேறுவது வேறு, அதைச் சொல்லி டயாலிசிஸை நிறுத்துவது வேறு. நிறுத்தினால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி, சில நாள்களிலேயே உயிர் போகும். காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்றவர் அய்யா. அவர் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு ‘மாத்திரையை விடு’ என்பவரிடம் விலகி நிற்பதே நல்லது.

பதிக்கு வரும்போதும் கவனம் வேண்டும். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் பொருத்தியவர் முத்திரிக்கிணற்றில் தலைவழியே தண்ணீர் விடக் கூடாது. அந்த இடம் நனைந்தால் கிருமி ரத்தத்தில் கலக்கும். கையால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டால் போதும். குடிக்கும் நீருக்கும் இவர்களுக்கு அளவு உண்டு. இனிமமாகக் கிடைக்கும் வாழைப்பழத்திலும் தேங்காயிலும் பொட்டாசியம் அதிகம், இளநீரும் அப்படியே. அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடியது. எனவே இனிமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் குழந்தை கையில் கொடுத்துவிடலாம். அதில் குறை ஒன்றும் வராது. கொடியேற்றுத் திருவிழாவின் 11 நாளில் டயாலிசிஸ் நாள் வந்தால் அன்று ஆஸ்பத்திரி, மறுநாள் பதி.

காப்பீட்டு அட்டை தராத உதவியைத்தான் தாங்கல் தர வேண்டும். உச்சிப்படிப்பு முடிந்து கலையும் முன், இந்த வாரம் அந்த வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போவது யார் என்று கேட்கலாம். ஆளுக்கு ஒரு நாள் என்றால் யாருக்கும் பாரமில்லை. அந்த மனைவி ஒரு நாள் வேலைக்குப் போவாள், அல்லது ஒரு பகல் படுத்து உறங்குவாள். அன்னதர்மச் சோற்றில் ஒரு பங்கை, அவருக்கென்று உப்புக் குறைத்த கறியோடு, வீட்டில் கொண்டு கொடுக்கலாம். தாங்கல் என்ற பெயரிலேயே தாங்குதல் இருக்கிறது.

அதே வீட்டின் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும் காரணங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இரண்டும் குடும்பத்தில் தொடரக்கூடியவை. முதலில் வலி எதுவும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை முடிந்தபின் தாங்கல் முற்றத்திலேயே இந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். பணிவிடைக்காரர் முதலில் கையை நீட்டினால் மற்றவர்கள் பின்னால் வந்து வரிசையில் நிற்பார்கள்.