குளிர்சாதனப் பெட்டியும் ஓசோன் குடையும்

கோடை வந்தால் நம் பாட்டிமார் மண்பானையில் நீர் ஊற்றி வைப்பார்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது; எஞ்சிய நீர் குளிர்ந்து விடுகிறது. குளிர்சாதனப் பெட்டி இயங்குவதும் இதே தத்துவப்படிதான். எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் பெட்டிக்குள் ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்த, அது பின்புறக் குழாய்களில் வெப்பத்தை வெளியிட்டு மீண்டும் திரவமாகிறது.

அந்தத் திரவம் எது? இதில்தான் சிக்கல் பிறந்தது. தொடக்கத்தில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சுப் பொருள்களே பயன்பட்டன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து! 1928ஆம் ஆண்டில் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி குளோரோ புளோரோ கார்பனை இப்பணிக்குக் கண்டறிந்தார். அதில் நஞ்சில்லை, அது தீப்பற்றாது. உலகமே மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது.

ஆனால் அவ்வாயு மேல்வளிமண்டலத்தை அடைந்ததும் சிதைந்து, குளோரினை வெளிவிடுகிறது. ஒரே குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் குடை ஓசோன் அன்றோ! 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர்கள் இவ்வாபத்தை எடுத்துரைத்தனர். 1985இல் அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மிகவும் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

மாற்றாக வந்தது ஆர்-134ஏ. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. எனினும் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1400 மடங்கு புவியை வெப்பமாக்குகிறது.

சென்ற ஆண்டு எங்கள் விடுதியின் பழைய குளிர்சாதனப் பெட்டி பழுதுற்றது. பழுது பார்க்க வந்தவர் குழாயைத் திறந்து வாயுவை வெளியே விட்டார். 'உஸ்' என்ற ஓசையைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். பெட்டியின் பின்புறம் ஆர்-134ஏ என்று எழுதியிருந்ததை எங்கள் அறிவியல் ஆசிரியை காட்டினார். 100 கிராம் வாயு வெளியேறியது என்று கொண்டாலும், அது 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கிட்டதும் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021இல் அதனை ஏற்றது. இன்று பல புதிய பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது ஓசோனை அழிப்பதில்லை; புவியை வெப்பமாக்குவதும் மிகக் குறைவு. தீப்பற்றக் கூடியதாகையால் சிறிதளவே நிரப்புகிறார்கள். பயிற்சி பெற்றவரே அதைப் பழுது பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? பழைய பெட்டியைப் பழுது பார்க்கும்போதும் கழிக்கும்போதும் வாயுவைக் காற்றில் விடாமல் உருளையில் சேகரிக்கும்படி கேட்கலாம். கதவைத் தேவையின்றித் திறந்து வைக்காமல் மின்சாரத்தைச் சேமிக்கலாம்.

அன்டார்க்டிகாவின் மேலுள்ள ஓசோன் படலம் ஏறக்குறைய 2066இல் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என 2022ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு கூறுகிறது. அன்று நாமும் பாட்டிகளாகியிருப்போம். மனிதன் தன் தவற்றை உணர்ந்தான், திருத்தவும் முற்பட்டான். அத்திருத்தத்தில் நம் பங்கும் இருந்தது என்று பேரக்குழந்தைகளிடம் சொல்லும்படி வாழ்வோமாக!